அசாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரியில் புறப்படும் விவேக் எக்ஸ்பிரஸ் கோவை, ஈரோடு, சேலம் என்று தமிழ்நாட்டைக் கடந்து, நான்காயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி, நான்காம் நாள் அசாமிலுள்ள திப்ருகரில் போய் நிற்கிறது. இந்தியாவில் இதைவிட நெடுந்தூரம் போகும் ரயில் இல்லை. அதன் முன்பதிவில்லாப் பெட்டிகளில் நம் ஊர் ஆலைகளுக்கும் உணவகங்களுக்கும் வேலைக்கு வருகிற பிள்ளைகளை "வடநாட்டுப் பையன்" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அவர்கள் ஏறிவந்த மறுமுனையைப் பற்றி என்னிடம் பலர் கேட்ட கேள்விகள் இவை.

அசாமா, அஸ்ஸாமா? எப்படிச் சொல்வது?

இரண்டும் தமிழ் அச்சில் வழங்குகின்றன. அந்த ஊர்க்காரர்கள் சொல்வது இரண்டும் அல்ல. "ஒஹொம்" என்பதுபோல ஒலிக்கும். மற்ற வட இந்திய மொழிகளில் சகரமாக வருவது அவர்கள் வாயில் பல இடங்களில் தொண்டையை உரசிக்கொண்டு வருகிறது. "அகம்" என்று சொல்லும்போது நடுவில் மென்மையாக வருகிறதே ஒரு ககரம், ஏறக்குறைய அதுதான். தங்கள் மொழியை "ஒஹொமியா" என்பார்கள்.

அங்கே இந்தி பேசுவார்களா?

கடைத்தெருவில் சமாளிக்க இந்தி உதவும். தாய்மொழி அது அல்ல. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 3 கோடியே 12 லட்சம். அதில் அசாமிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பாதிக்குச் சற்றுக் குறைவு. அடுத்து வங்காளம். பிறகு போடோ, மிசிங், கார்பி, திமாசா என்று நீளும் பட்டியல். போடோ மொழி அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றிருக்கிறது. அசாமிய மொழிக்கு 2024 அக்டோபரில் செம்மொழித் தகுதி கிடைத்தது.

அசாமைப் புரிந்துகொள்ள எங்கே தொடங்குவது?

ஆற்றில். கோயில், காண்டாமிருகம், தேயிலை எதைத் தொட்டாலும் பேச்சு பிரம்மபுத்திராவில் போய் முடிகிறது.

திபெத்தில் சாங்போ என்ற பெயரில் பிறந்து, அருணாசலத்தில் சியாங் ஆகி, அசாம் சமவெளிக்குள் நுழையும் இடத்தில் திபாங், லோஹித் ஆறுகளோடு கலந்து பிரம்மபுத்திராவாகிறது. நம் ஊர் ஆறுகள் எல்லாம் பெண்கள், இது ஆண். பிரம்மாவின் மகன் என்பதே பெயர். சில இடங்களில் அகலம் பத்து கிலோமீட்டரைத் தாண்டும். மழைக்காலத்தில் கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியாது. கடல் என்று நினைத்தால் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்.

1950 ஆகஸ்ட் 15 அன்று, நாடு சுதந்திரத்தின் மூன்றாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடிய மாலையில், 8.6 அளவில் ஒரு நிலநடுக்கம் வந்தது. மலைகள் சரிந்து மண்ணும் மரமும் ஆற்றில் விழுந்தன. ஆற்றுப்படுகை மேலேறியது. மேலேறிய படுகையில் பழைய அளவு தண்ணீர் ஓடினாலே கரை தாண்டும் அல்லவா? அதற்குப் பிறகு வெள்ளமும் கரை அரிப்பும் கடுமையாயின. திப்ருகர் நகரத்தின் ஒரு பகுதியையே ஆறு தின்றுவிட்டது.

முகலாயர்களால் அசாமைப் பிடிக்க முடியவில்லை என்கிறார்களே, உண்மையா?

நிலையாகப் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை என்பது சரி. அங்கே ஆண்டவர்கள் ஆஹோம் அரசர்கள். 1228இல் சுகாபா என்ற, தென்கிழக்காசியத் "தாய்" (Tai) இனத்து இளவரசர் பட்காய் மலைகளைக் கடந்து வந்து தொடங்கிய அரசு, 1826 வரை ஏறக்குறைய 600 ஆண்டுகள் நீடித்தது. வந்தவர்கள் உள்ளூர் மக்களோடு கலந்து, நாளடைவில் அசாமிய மொழியையும் இந்து சமயத்தையும் ஏற்றார்கள். "புரஞ்சி" என்று உரைநடையில் ஆட்சிக் குறிப்புகளை எழுதிவைக்கும் பழக்கம் அவர்களுக்கு இருந்ததால், வரலாற்றாசிரியர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

அவுரங்கசீப்பின் படையோடு வந்திருந்த ஆம்பர் அரசர் ராம்சிங்கோடு 1671இல் இறுதிப் போர் நடந்தது. சமவெளியில் குதிரைப்படையோடு மோதினால் என்ன ஆகும் என்பதை ஆஹோம் படை அதற்கு முன்பே ஆலாபோய் என்ற இடத்தில் பட்டறிந்திருந்தது. ஆகவே தளபதி லாசித் போர்புகன் சண்டையை ஆற்றுக்கு இழுத்தார். பத்து கிலோமீட்டர் அகலம் விரியும் அந்த ஆறு, குவாஹாட்டி அருகே சராய்காட்டில் குன்றுகளுக்கிடையே ஒன்றேகால் கிலோமீட்டர் அளவுக்கு ஒடுங்குகிறது. பெரிய கப்பல்களுக்குப் பொறி வைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. காய்ச்சலில் கிடந்த லாசித் படகில் ஏறி வந்து நின்றதும், பின்வாங்கிய படை திரும்பிப் போரிட்டு வென்றது.

அந்தப் போரை ஒட்டி ஒரு கதை உண்டு. ஒரே இரவில் எழுப்பவேண்டிய மண்ணரணில் வேலை சுணங்கியது. பொறுப்பாளர் லாசித்தின் தாய்மாமன். "நாட்டைவிட மாமன் பெரியவன் அல்ல" என்று தலையை வெட்டிவிட்டாராம். அந்த அரணுக்கு "மோமாய் கட்டா கட்" என்று பெயர். மாமனை வெட்டிய அரண். மோமாய் என்றால் மாமன், நமக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை.

ஆஹோம் அரசு விழுந்த விதம்தான் வருத்தமானது. பர்மியப் படையெடுப்புகளில் நாடு சீரழிந்தது. 1826இல் யாண்டபோ உடன்படிக்கையில் ஆங்கிலேயரும் பர்மியரும் கையெழுத்திட்டு அசாமின் தலையெழுத்தை முடிவு செய்தார்கள். அசாமியர் ஒருவருக்கும் அந்த மேசையில் இடமில்லை.

அசாமின் பிரமிடுகள் என்பவை எவை?

சராய்தேவ் என்ற இடத்தில் ஆஹோம் அரச குடும்பத்தினரைப் புதைத்த மண்மேடுகள். "மொய்தாம்" என்பார்கள். உள்ளே செங்கல்லாலோ கல்லாலோ கட்டிய அறை, மேலே புல் மூடிய அரைக்கோளக் குன்று. 2024 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமானது. பிரமிடு என்பது சுற்றுலாத் துறையின் ஆசை. பார்க்கப் பச்சைக் கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்ததுபோல இருக்கும். பக்கத்துச் சிவசாகரில் ரங்க்கர் என்ற பதினெட்டாம் நூற்றாண்டு இரண்டடுக்கு மாளிகை இருக்கிறது. எருமைச் சண்டையும் மற்ற விளையாட்டுகளும் பார்க்க அரசர் அமர்ந்த இடம். சுண்ணச் சாந்தில் வாத்து முட்டையும் ஒட்டரிசியும் கலந்திருக்கிறார்கள்.

காசிரங்காவில் காண்டாமிருகத்தைக் கட்டாயம் பார்க்கலாமா?

பார்க்கலாம். புலிக் காடுகளில் நடப்பதுபோல "நேற்று வந்தது, இன்று வரவில்லை" என்ற ஏமாற்றம் இங்கே மிகக் குறைவு. 2022 கணக்கெடுப்பில் காசிரங்காவில் மட்டும் 2,613 காண்டாமிருகங்கள். உலகிலுள்ள ஒற்றைக்கொம்பு காண்டாமிருகங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு புல்வெளியில் மேய்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே இவை விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்துவிட்டன என்பதை நினைத்துப் பார்த்தால்தான் இந்த எண்ணின் அருமை புரியும். 1908இல் காப்புக்காடு, 1974இல் தேசியப் பூங்கா, 1985இல் உலகப் பாரம்பரியச் சின்னம்.

ஜீப்பிலிருந்து முதலில் தெரிவது விலங்கு அல்ல, யானைப்புல். ஆளைவிட உயரம். அதற்குள் சாம்பல் நிறத்தில் ஒரு பாறை கிடப்பதுபோல இருக்கும். பாறை காதை ஆட்டும்போதுதான் பிடிபடும். தோல் மடிப்புகள் ஆணி அடித்துப் பொருத்திய கவசத் தகடுகள் மாதிரி. இரண்டு டன் எடை. ஆனால் மிரண்டு ஓடினால் மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகம் பிடிக்கும். இன்னொரு பழக்கமும் உண்டு: மலம் கழிக்க ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும். புல்வெளியின் நடுவே குவிந்திருக்கும் அந்த மேட்டைக் காட்டி வழிகாட்டிகள் சொல்லும்போது குழந்தைகள் சிரிப்பார்கள். கள்ளவேட்டைக்காரனுக்கும் இந்தப் பழக்கம் தெரியும் என்பதுதான் சிக்கல்.

கொம்பு எலும்பு அல்ல. நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின். மருந்து என்ற மூடநம்பிக்கைக்காக இவற்றைக் கொன்றார்கள். 2021 செப்டம்பர் 22, உலகக் காண்டாமிருக நாளில், கருவூலங்களில் சேர்த்து வைத்திருந்த 2,479 கொம்புகளை மாநில அரசே அடுக்கித் தீயிட்டது. அடுத்த ஆண்டு, 2022இல், அசாமில் கள்ளவேட்டையில் ஒரு காண்டாமிருகம்கூட இறக்கவில்லை.

வெள்ளத்தில் அந்த விலங்குகள் என்ன செய்யும்?

ஓடும். பூங்காவின் வடக்கே ஆறு, தெற்கே கார்பி ஆங்லாங் மலை, நடுவே தேசிய நெடுஞ்சாலை. தண்ணீர் ஏறும்போது மானும் யானையும் சாலையைக் கடந்து மலைக்குப் போகும். அந்த நாட்களில் வண்டிகளுக்கு வேகக் கட்டுப்பாடு உண்டு. பூங்காவுக்குள் செயற்கை மேடுகளும் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் உயிரிழப்பு இருக்கிறது. இருந்தாலும் வெள்ளமே வேண்டாம் என்று காட்டை அறிந்தவர் யாரும் சொல்லமாட்டார். புதுவண்டல் போட்டு, குளங்களை நிரப்பி, ஆகாயத்தாமரையை அடித்துக்கொண்டு போய், புல்வெளி காடாகிவிடாமல் பார்த்துக்கொள்வது வெள்ளம்தான். வெள்ளம் நின்றுபோனால் மரம் முளைக்கும். மரம் மூடினால் காண்டாமிருகத்துக்கு மேய்ச்சல் இல்லை.

காண்டாமிருகம் தவிர வேறு என்ன?

எனக்குப் பிடித்தது குரங்கு. தப்பு, குரங்கு அல்ல, வாலில்லாத கிப்பன். இந்தியாவில் மனிதனைத் தவிர வாழும் வாலில்லாக் குரங்கினம் இது மட்டுமே. ஜோர்ஹாட் அருகே ஹோலொங்கபார் சரணாலயத்தில் பார்க்கலாம். ஆண் கறுப்பு, வளர்ந்த பெண் பழுப்பு மஞ்சள், ஆணுக்கு வெள்ளைப் புருவம். காலையில் இணை இரண்டும் சேர்ந்து கூவத் தொடங்கினால், எங்கோ ஆம்புலன்ஸ் வருகிறது என்றுதான் முதலில் தோன்றும். ஏறி ஏறி இறங்கும் அந்தக் குரல் அடங்கியதும் அடுத்த குடும்பம் வேறொரு மூலையிலிருந்து பதில் சொல்லும். இவை தரையில் இறங்க விரும்பாதவை. காட்டின் நடுவே ரயில் பாதை போட்டு அவற்றின் உலகத்தை இரண்டாக வெட்டியிருக்கிறோம்.

மானஸ் புல்வெளியில் குள்ளப் பன்றி உண்டு. ஓர் அடிக்கும் குறைவான உயரம். அற்றுப்போய்விட்டது என்றே நினைத்திருந்தார்கள். 1971இல் மீண்டும் தென்பட்டது. இப்போது வளர்ப்பிடத்தில் பெருக்கிக் காட்டில் விடுகிறார்கள்.

பிறகு ஹர்கிலா. "எலும்பு விழுங்கி" என்று பொருள். ஐந்தடி உயர நாரை, வழுக்கைத் தலை, கழுத்தில் தொங்கும் பை. குப்பைமேட்டில் நிற்கும் பறவை. அபசகுனம் என்று சொல்லிக் கூடு இருக்கும் மரத்தையே வெட்டிவிடுவார்கள். உயிரியலாளர் பூர்ணிமா தேவி பர்மன் கிராமத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு அதை மாற்றினார். குஞ்சு பொரிக்கும் பருவத்தில் ஹர்கிலாவுக்கு வளைகாப்பு நடத்துவது, தறியில் துணிகளில் அந்தப் பறவையை நெய்வது எல்லாம் அவர்கள் வேலை. ஊரில் அவரை "ஹர்கிலா பைதேவ்" என்பார்கள், ஹர்கிலா அக்கா. 2022இல் ஐ.நா.வின் சூழலியல் விருது அவருக்குக் கிடைத்தது. வளைகாப்பு யோசனையைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை: கூட்டைக் கலைப்பது குற்றம் என்று சட்டம் சொன்னால் கேட்காதவர்கள், "பிள்ளைத்தாய்ச்சி" என்றால் கேட்பார்கள்.

பறவைகள் தற்கொலை செய்துகொள்ளும் ஊர் அங்கே உண்டாமே?

ஜட்டிங்கா. தற்கொலை இல்லை. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நிலவில்லாத, பனிமூட்டமும் காற்றும் உள்ள இரவுகளில் பறவைகள் திசை தடுமாறி வெளிச்சத்தை நோக்கி வந்து விழும். விழுந்தவற்றை ஊரார் மூங்கில் கழியால் அடித்துப் பிடித்தார்கள். "தற்கொலை" என்ற சொல் கொன்றவர்களுக்கு வசதியாக இருந்தது.

தேயிலையை ஆங்கிலேயர்தான் அசாமுக்குக் கொண்டுவந்தார்களா?

இல்லை. அது அங்கேயே காட்டில் வளர்ந்த செடி. சிங்போ மக்கள் வதக்கி, மூங்கில் குழாயில் அடைத்து, புகையில் உலர்த்திக் குடித்துவந்தார்கள், இன்றும் செய்கிறார்கள். 1823இல் சிங்போ தலைவர் பெஸ்ஸா காம், ராபர்ட் புரூஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரருக்கு அதைக் காட்டினார். 1839 ஜனவரியில் எட்டுப் பெட்டி அசாம் தேயிலை லண்டனில் ஏலம் போனது. இன்று இந்தியத் தேயிலையில் ஏறக்குறைய பாதி இங்கிருந்துதான் வருகிறது.

மணிராம் திவான் என்பவர் புரூஸுக்கு இந்தச் செடி பற்றித் தகவல் சொன்னவர்களில் ஒருவர். பிறகு சொந்தமாகத் தோட்டம் போட்டார். 1857 கிளர்ச்சியின்போது ஆஹோம் அரசை மீட்கத் திட்டமிட்டார் என்று 1858 பிப்ரவரியில் ஜோர்ஹாட்டில் தூக்கிலிட்டார்கள்.

தோட்டத்தில் உழைக்க உள்ளூர் ஆட்கள் வரவில்லை. ஜார்க்கண்ட், ஒடிசா, ஆந்திரப் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்தார்கள். நம் பக்கத்துத் தோட்டங்களில் கங்காணி செய்த வேலையை அங்கே சர்தார்களும் ஆர்காட்டிகளும் செய்தார்கள். ஓடிப்போகும் கூலியைத் தோட்டத் துரையே கைது செய்யலாம் என்று 1865இல் சட்டமே இருந்தது. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். சாத்ரி பேசுகிறார்கள், ஜுமுர் ஆடுகிறார்கள். வால்பாறையிலும் நுவரெலியாவிலும் உறவுள்ளவர்களுக்கு இந்தக் கதையில் புதிதாக ஒன்றும் இல்லை.

தோட்டத்துக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுமா?

பல தோட்டங்களில் ஓடும். "பாகான் நேரம்" என்று பெயர். ஜூனில் அங்கே நாலரைக்கே சூரியன் வந்துவிடும். டிசம்பரில் நாலரைக்கு விளக்கேற்ற வேண்டும். நாடு முழுவதும் ஒரே நேரம் என்பது கிழக்குக்காரனுக்குப் பகலைத் திருடுகிற ஏற்பாடு. எனவே தோட்டக்காரர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார்கள். தோட்டத்துக்குள் யாரையாவது சந்திக்கப் போனால் எந்த நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பிகு என்பது ஒரு பண்டிகையா, மூன்றா?

மூன்று. சித்திரை முதல் நாளை ஒட்டி ரங்காலி பிகு, புத்தாண்டு. ஆட்டமும் டோல் மேளமும் எருமைக்கொம்பு ஊதலும் அதில்தான். அக்டோபரில் கங்காலி பிகு, களஞ்சியம் காலியாக இருக்கும் மாதம், வயலில் அகல் வைப்பதோடு சரி. பொங்கலை ஒட்டி போகாலி பிகு, அறுவடை முடிந்த சாப்பாட்டு விழா. வயலில் வைக்கோலால் குடில் கட்டி, இரவெல்லாம் விழித்திருந்து, விடியலில் "மேஜி" என்ற விறகுக் கோபுரத்தைக் கொளுத்துவார்கள். நம் போகிக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ அங்கே அந்தத் தீ எரியும்.

சாப்பாடு நமக்கு ஒத்துவருமா?

அரிசிச் சோறு சாப்பிடும் ஊர், பட்டினி கிடக்கமாட்டீர்கள். எண்ணெய் குறைவு, மசாலா குறைவு, மீன் அதிகம். "மாசோர் டெங்கா" என்ற புளிப்பு மீன் குழம்பு நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். சாப்பாட்டின் முதல் பதார்த்தம் "கார்". வாழைப்பழத் தோலைக் காயவைத்து எரித்து, சாம்பலில் தண்ணீர் ஊற்றி வடித்தெடுத்த நீரில் பப்பாளிக்காயோ பருப்போ வேகவைப்பது. வேதியியல் பாடத்தில் அமிலம், காரம் என்று படித்தோமே, அந்தக் காரம்தான் இந்தக் கார். வாயில் வழவழவென்று இருக்கும். முதல் நாள் பிடிக்கவில்லை என்றாலும் இரண்டாம் நாள் மறுபடி கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அதிசயம் "போகா சாவுல்". அடுப்பே வேண்டாத அரிசி. கீழ் அசாமில் விளைகிறது. தண்ணீரில் ஊறப்போட்டு மூடிவைத்தால் ஒரு மணி நேரத்தில் சோறாகிவிடும். தயிரும் வெல்லமும் வாழைப்பழமும் போட்டுப் பிசைந்து சாப்பிட்டால், வயலுக்குப் போகிறவனின் காலை உணவு தயார். கையில் எடுத்தபோது சூடே இல்லாத புதுச்சோறு என்பதை என் விரல்கள் நம்ப மறுத்தன.

சாப்பிட்டதும் "தாமுல்" நீட்டுவார்கள். பாக்கு. நம் தாம்பூலத்தின் உறவுக்காரச் சொல். மண்ணில் புதைத்துப் பதப்படுத்திய ஈரப்பாக்கு. முதல் கடியிலேயே காது சிவந்து வியர்த்துக் கொட்டும். குவாஹாட்டி என்ற பெயருக்கே பாக்குச் சந்தை என்றுதான் பொருள் சொல்கிறார்கள். மரியாதைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், மெல்லும்போது சிறு துண்டாக.

முகாப் பட்டு ஏன் அவ்வளவு விலை?

சாயம் இல்லாமலே பொன்னிறம். துவைக்கத் துவைக்க மெருகேறும். அந்தப் புழுவை வீட்டுக்குள் தட்டில் வளர்க்க முடியாது. திறந்த வெளியில் சோம் மரத்தில் விட்டு, காகமும் வௌவாலும் தின்றுவிடாமல் கவணோடு காவல் இருக்க வேண்டும். எரி என்ற இன்னொரு பட்டில் பூச்சி வெளியேறிய பிறகுதான் கூட்டிலிருந்து நூல் எடுப்பார்கள். சுவால்குச்சியில் தெருவெல்லாம் தறிச்சத்தம். காஞ்சிபுரத்துக்காரர் கண்ணை மூடிக்கொண்டு நின்றால் ஊர் ஞாபகம் வரும்.

காமாக்யா கோயிலில் சிலை இல்லையா?

இல்லை. பாறைப் பிளவும் அதில் ஊறும் சுனையும்தான் அம்மன். ஜூனில் அம்புபாச்சி நாட்களில் பூமித்தாய்க்கு மாதவிலக்கு என்று மூன்று நாள் நடை சாத்துவார்கள். பலர் ஏர் பூட்டுவதில்லை. மாதவிலக்குக்கு விழா எடுக்கும் கோயில் என்பதால் போற்றுகிறவர்கள் உண்டு. வீட்டுப் பெண்களை அந்த நாட்களில் எப்படி நடத்துகிறோம் என்று திருப்பிக் கேட்கிறவர்களும் உண்டு. நான் இரண்டாமவர் பக்கம்.

போக அனுமதிச் சீட்டு வேண்டுமா? எப்போது போவது?

அசாமுக்கு வேண்டாம். அங்கிருந்து அருணாசலம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் போவதானால் உள்நாட்டு அனுமதி வாங்க வேண்டும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல பருவம். காசிரங்கா மழைக்காலத்தில் மூடிவிடும். நேரம் குறைவானவர்களுக்கு குவாஹாட்டிக்குப் பக்கத்திலேயே பபிதோரா சரணாலயம் இருக்கிறது, அங்கும் நூற்றுக்கு மேல் காண்டாமிருகங்கள்.

ஒரே ஓர் இடம் என்றால்?

மாஜுலி. பிரம்மபுத்திராவுக்கு நடுவே மக்கள் வாழும் தீவு. 2016 முதல் தனி மாவட்டம். சங்கரதேவர் தொடங்கிய வைணவ இயக்கத்தின் மடங்களான "சத்ரா"க்கள் இங்கே பல. சத்ரியா நடனம் பிறந்தது அத்தகைய மடங்களில்தான். சாமகுரி சத்ராவில் முகமூடி செய்வதைப் பார்க்கலாம். மூங்கில் பிளாச்சில் பின்னிய கூட்டின்மேல் களிமண்ணில் தோய்த்த துணி, அதன்மேல் மண்ணும் சாணமும், மூங்கில் சீவுளியால் மூக்கும் புருவமும். தாடை தனியாக அசையும் இராவணனை மாட்டிக்கொண்டு ஒருவர் முன்னால் வந்து நின்றால் பெரியவர்களே ஓரடி பின்வாங்குவார்கள். பக்கத்தில் மிசிங் மக்களின் மூங்கில் வீடுகள் கால் ஊன்றி நிற்கும். வெள்ளம் உயர்ந்தால் தரைப்பலகையையும் உயர்த்திக் கட்டிக்கொள்வார்கள்.

ஒரு நூற்றாண்டுக்கு முன் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் இருந்த தீவு இப்போது அதில் பாதிகூட இல்லை. கரை இடிந்து, தங்கள் இடத்தை விட்டுப் பெயர்ந்த சத்ராக்கள் உண்டு. போவதானால் ஜோர்ஹாட் பக்கத்து நிமாதிகாட்டில் படகு ஏறுங்கள்; இருட்டிய பின் படகு கிடையாது, அங்கே சீக்கிரம் இருட்டிவிடும்.